இரண்டு ஆர்கான் அணுக்களும் ஒரு முடுக்கமும்

எங்கள் ஆய்வகத்துக்கு மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். புரதம், செல் சவ்வு, கார்பன் நானோ குழாய் என்று எந்த ஆசையோடு வந்திருந்தாலும் சரி, இரண்டே இரண்டு ஆர்கான் அணுக்களை 4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அசையாமல் நிறுத்தச் சொல்வேன். பிறகு ஒரே ஒரு டைம்ஸ்டெப் ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன்பே, அணுவுக்கு என்ன முடுக்கம் கிடைக்கப்போகிறது என்பதைத் தாளில் கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் கிளஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இது என்ன பள்ளிக்கூடக் கணக்கு என்று சிலருக்கு முகம் சுருங்கும். நான் விட்டுக்கொடுப்பதில்லை. அலகுக் குழப்பம் நிரலில் எங்கே ஒளிந்திருந்தாலும் முடுக்கத்தில் வந்து தலைகாட்டியே தீரும் என்பது என் அனுபவம்.

மூலக்கூறு இயக்கவியல் (எம்டி) நிரல் எதுவாக இருந்தாலும் அதன் நடுவில் இருப்பது நியூட்டனின் இரண்டாம் விதி. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். விசை எங்கிருந்து வருகிறது? ஆற்றலைத் தூரத்தைக் கொண்டு வகையிட்டால் விசை. கிடைத்த முடுக்கத்தை நேரத்தால் பெருக்கித்தான் திசைவேகம் மாறுகிறது. ஆக ஆற்றல், தூரம், நிறை, நேரம் என்ற நான்கின் அலகுகளும் ஒரே வரியில் கூடும் இடம் முடுக்கம். கணினியின் நினைவகத்தில் இருப்பதோ வெறும் எண்கள். 0.238 என்று இன்புட் ஃபைலில் எழுதினால் அது கிலோகலோரியா எலக்ட்ரான் வோல்ட்டா என்று நிரல் கேட்காது. கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஓடும்.

அந்த முதல் கணக்கை இங்கேயும் போட்டுக் காட்டுகிறேன். லெனார்ட்-ஜோன்ஸ் ஆற்றல் சூத்திரத்தில் ஆர்கானுக்கான அளவுகள்: சிக்மா 3.405 ஆங்ஸ்ட்ராம், எப்சிலான் 0.238 கிலோகலோரி/மோல். நிறை 39.948 கிராம்/மோல். நான்கு ஆங்ஸ்ட்ராமில் அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும். சூத்திரத்தில் போட்டால் விசை 0.1299 கிலோகலோரி/மோல்/ஆங்ஸ்ட்ராம். இதை 39.948-ஆல் வகுத்தால் 0.00325. பெரும்பாலோர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவார்கள். "முடுக்கம் வந்துடுச்சு மேம்" என்பார்கள். "என்ன அலகுல வந்திருக்கு?" என்று கேட்பேன். அப்போதுதான் ஒரு மௌனம் வரும். கிலோகலோரியை ஆங்ஸ்ட்ராமாலும் கிராமாலும் வகுத்தது ஓர் அலகுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஃபெம்டோ விநாடிக் கணக்கில் அணுவை நகர்த்த முடியாது. ஒரு கிலோகலோரி 4184 ஜூல். ஒரு ஆங்ஸ்ட்ராம் 10⁻¹⁰ மீட்டர். ஒரு கிராம் 10⁻³ கிலோகிராம். மூன்றையும் உரிய இடத்தில் வைத்தால் அந்த அலகு ஒன்றுக்கு 4.184 × 10¹⁶ மீ/வி². ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ விநாடி² என்பதோ 10²⁰ மீ/வி². ஆகவே 0.00325-ஐ 4.184 × 10⁻⁴-ஆல் பெருக்க வேண்டும். விடை 1.36 × 10⁻⁶ ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ விநாடி².

இனி லாம்ப்ஸ் என்ற எம்டி நிரலில் 'ரியல்' அலகு முறையை வைத்து ஒரு ஃபெம்டோ விநாடி ஓட்டி, திசைவேகத்தை அச்சிடச் சொன்னால், அந்த 1.36 × 10⁻⁶ அப்படியே திரையில் வரும். தாளிலும் திரையிலும் ஒரே எண்ணைப் பார்க்கும் அந்த நொடியில் மாணவர்களின் முகத்தில் வரும் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது. நிரல் என்பது மந்திரம் அல்ல, தன் கையால் செய்யக்கூடிய ஒன்றைத்தான் அது வேகமாகச் செய்கிறது என்ற நம்பிக்கை அங்கே பிறக்கிறது.

அதே இரண்டு அணுக்களை லாம்ப்ஸின் 'மெட்டல்' முறைக்கு மாற்றச் சொல்வேன். ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில், நேரம் பைக்கோ விநாடியில். இப்போது பெருக்க வேண்டிய எண் 9648.5. இதைக் கண்டதும் வேதியியல் படித்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஃபாரடே மாறிலி 96485-இன் பத்தில் ஒரு பங்கு அது. ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை இங்கே எப்படி வந்தது என்று அவர்களையே யோசிக்க விடுவேன். முடுக்கம் 1.36 ஆங்ஸ்ட்ராம்/பைக்கோ விநாடி² என்று வரும். அடுத்து க்ரோமாக்ஸ் என்ற நிரல்: நானோமீட்டர், பைக்கோ விநாடி, அணு நிறை அலகு, கிலோஜூல்/மோல். விசை 5.434, நிறையால் வகுத்தால் 0.136. அதுவே நானோமீட்டர்/பைக்கோ விநாடி². பெருக்க எதுவும் இல்லை, மாற்று எண் சரியாக ஒன்று. இந்த நான்கு அலகுகளும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுத்தவர்களின் நிதானத்தை நான் ஒவ்வொரு முறையும் மெச்சிக்கொள்வேன். ஒரே மனையை ஒரு கிரவுண்டு என்றோ 2400 சதுர அடி என்றோ ஐந்தரை சென்ட் என்றோ சொல்வதைப்போல, மூன்று எண்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே முடுக்கம்: 1.36 × 10¹⁴ மீ/வி².

'ரியல்' முறையில் வரும் 4.184 முழுக்க முழுக்கக் கலோரியின் பங்கு. ஜூலில் கணக்கு வைத்திருந்தால் அங்கே பத்தின் அடுக்கு ஒன்று மட்டும் நின்றிருக்கும். வேதியியலாளர்கள் கலோரியை விடவில்லை; ஃபோர்ஸ் ஃபீல்டுகளை எழுதியவர்களும் கிலோகலோரி, ஆங்ஸ்ட்ராம், அணு நிறை என்றே எழுதினார்கள். சார்ம் நிரலை உருவாக்கியவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, மாற்று எண் ஒன்றாகும்படி நேரத்தின் அலகையே மாற்றிவிடுவது. அப்படி மாற்றினால் உள்ளே ஓடும் கடிகாரத்தின் ஒரு துடிப்பு 48.888 ஃபெம்டோ விநாடி. 2390-இன் வர்க்கமூலம் அது. 2390 என்பது 4.184 × 10⁻⁴-இன் தலைகீழ். ஆம்பர் நிரலும் உள்ளே இதே கடிகாரத்தைத்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் ஆம்பர் எழுதிவைக்கும் திசைவேகங்களை ஆங்ஸ்ட்ராம்/பைக்கோ விநாடிக்குக் கொண்டுவர 20.455-ஆல் பெருக்க வேண்டியிருக்கிறது. பெருக்காமல் வேறு நிரலுக்கு எடுத்துப்போனால் வேகம் இருபதில் ஒரு பங்காகிவிடும். வெப்பநிலை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம் என்பதால் 418-இல் ஒரு பங்கு. 300 கெல்வினில் நன்றாக ஓடிய சிஸ்டம் புது இடத்தில் 0.7 கெல்வின் என்று காட்டும். லாக் ஃபைலில் 0.7 என்ற எண்ணைப் பார்த்ததும், அது எங்கிருந்து வந்தது என்று இந்தத் துறையில் பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

அலகைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு லூப் வெர்லே 1967-இல் செய்தது. அவருக்கு முன்னால், 1964-இல், ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் சிடிசி 3600 கணினியை வைத்துக்கொண்டு 864 ஆர்கான் அணுக்களைத் திரவமாக ஓட்டிக் காட்டியவர் அனீசுர் ரஹ்மான், ஹைதராபாத்தில் பிறந்தவர். 94.4 கெல்வின், ஒரு அடிக்கு 10⁻¹⁴ விநாடி. நாம் இன்று செய்வதெல்லாம் அந்தக் கட்டுரையின் நீட்சி. வெர்லேயும் 864 அணுக்களைத்தான் எடுத்துக்கொண்டார். லெனார்ட்-ஜோன்ஸ் ஆற்றலை வகையிட்டால் விசையின் முன்னால் 48 என்ற எண் வந்து நிற்கும். ஒவ்வோர் அடியிலும், ஒவ்வொரு ஜோடிக்கும், அந்த 48-ஐப் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெர்லே நேரத்தின் அலகுக்குள்ளேயே 48-ஐ நுழைத்துவிட்டார். முடுக்கத்தின் சூத்திரத்தில் முன்னால் எந்த எண்ணும் மிஞ்சவில்லை. அவருடைய நேர அலகு ஆர்கானுக்குச் சுமார் 0.31 பைக்கோ விநாடி. டைம்ஸ்டெப் அதில் 0.032, அதாவது ரஹ்மானின் அதே 10⁻¹⁴ விநாடி. இன்று லாம்ப்ஸின் 'எல்ஜே' முறையில் 48 இல்லாத அலகு, அது 2.16 பைக்கோ விநாடி. பழைய கட்டுரையிலிருந்து 0.032 என்ற எண்ணை எடுத்து இன்றைய நிரலில் போடுகிறவர்கள், தங்களுக்குத் தெரியாமலே ஏறக்குறைய ஏழு மடங்கு பெரிய அடி வைக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் 'ரிட்யூஸ்டு யூனிட்' என்பதால் வரும் வினை.

ஆர்கான் சாதுவான அணு. கையில் எடுத்துப் பழகத் தோதானது. அடுத்த கட்டமாக நீரின் ஹைட்ரஜனைக் கொடுப்பேன். சார்ம் ஃபோர்ஸ் ஃபீல்டில் டிப்3பி நீரின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கு 450 கிலோகலோரி/மோல்/ஆங்ஸ்ட்ராம்² என்று போட்டிருக்கும். பிணைப்பை 0.1 ஆங்ஸ்ட்ராம் இழுத்துப் பிடித்தால் விசை எவ்வளவு? பாதிப் பேர் 45 என்பார்கள். சார்மிலும் லாம்ப்ஸிலும் ஆற்றல் சூத்திரத்தில் ½ தனியாக இல்லை, அந்த 450-க்குள்ளேயே இருக்கிறது. வகையிடும்போது இரண்டு வெளியே வரும். விசை 90. க்ரோமாக்ஸில் ½ வெளியே நிற்கிறது. அதனால் அதே பிணைப்பு அங்கே 376560 கிலோஜூல்/மோல்/நானோமீட்டர்² என்று எழுதப்படும். 450-ஐ 418.4-ஆல் பெருக்கி, மேலும் இரண்டால் பெருக்கிய எண் அது. இந்த இரண்டை விட்டுவிட்டாலும் சிமுலேஷன் அறுந்து விழாது. பிணைப்பு கொஞ்சம் தளர்ந்து, அதிர்வு கொஞ்சம் மெதுவாகி, பார்க்க ஒழுங்காகவே ஓடும். வெடித்துச் சிதறும் பிழைகளைவிட இப்படி அமைதியாக ஓடும் பிழைகளுக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

90-ஐ ஹைட்ரஜனின் நிறை 1.008-ஆல் வகுத்து மாற்று எண்ணால் பெருக்கினால் முடுக்கம் 3.7 × 10¹⁸ மீ/வி². ஆர்கானுக்கு வந்ததைவிடப் பல்லாயிரம் மடங்கு. இந்த முடுக்கத்தில் ஓய்விலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் ஒரு ஃபெம்டோ விநாடியில் 0.019 ஆங்ஸ்ட்ராம் நகரும். இரண்டு ஃபெம்டோ விநாடியில் 0.075. நாம் இழுத்துப் பிடித்ததே 0.1 ஆங்ஸ்ட்ராம்தான். ஒரே அடியில் அதில் முக்கால் பங்கைக் கடந்துவிட்டால் அந்த அதிர்வை நிரல் எப்படிப் பின்தொடரும்? டைம்ஸ்டெப் ஏன் ஒரு ஃபெம்டோ விநாடி, ரைக்கார்ட், சிக்கோட்டி, பெரன்ட்சன் மூவரும் 1977-இல் 'ஷேக்' முறையைக் கொடுத்து அந்தப் பிணைப்பை ஏன் இறுக்கிக் கட்டினார்கள், அப்படிக் கட்டிய பிறகு இரண்டு ஃபெம்டோ விநாடி ஏன் தாங்குகிறது என்பதையெல்லாம் நான் தனியாகப் பாடம் எடுப்பதில்லை. இந்த ஒரு முடுக்கத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது தானாகவே புரிந்துவிடும்.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட இடத்துக்கு வருகிறேன்: வெளியிலிருந்து நாமே கொடுக்கும் முடுக்கம். நானோ அளவுள்ள ஒரு இடுக்கில் நீர் எப்படி ஓடும் என்பதைப் பார்க்க, நீரைத் தள்ள ஏதாவது வேண்டும். இரண்டு முனையிலும் அழுத்த வேறுபாடு வைப்பது சிரமம். எல்லா மூலக்கூறுக்கும் ஒரே திசையில் ஒரே முடுக்கம் கொடுப்பது வழக்கம். எவ்வளவு கொடுப்பது? ஒரு மாணவி தன் முதல் இன்புட் ஃபைலில் புவியீர்ப்பு என்று நினைத்து 9.8 என்று போட்டு எடுத்துவந்தாள். உண்மையான புவியீர்ப்பைப் போட்டால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போடச் சொன்னேன். சுவர்களுக்கு நடுவே 5 நானோமீட்டர், நீரின் பாகுநிலை 0.9 மில்லிபாஸ்கல் விநாடி. பாய்சுவீ சூத்திரத்தின்படி நடுவில் ஓடும் நீரின் வேகம் 3.4 × 10⁻¹¹ மீ/வி. ஒரு நீர் மூலக்கூறு தன் அகலத்தளவு முன்னேற எட்டு விநாடி ஆகும். நாமோ நானோ விநாடிகளை ஓட்டுகிறவர்கள். அதே மூலக்கூறு வெப்பத்தால் அலைபாயும் வேகம், ஒரு அச்சில் மட்டும், ஏறக்குறைய 370 மீ/வி. அந்த இரைச்சலுக்கு நடுவே இந்த ஓட்டத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

"அப்போ கிராவிட்டியே தேவையில்லையா மேம்?" என்றாள். மூலக்கூறு அளவில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அணுக்கள் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும் முடுக்கம் 10¹⁴. புவி இழுப்பது பத்து. நடுவில் பதின்மூன்று சுழியங்கள். நடுவில் 10 மீ/வி வேகம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 2.9 × 10¹² மீ/வி² கொடுக்க வேண்டும். பார்க்கப் பயங்கரமான எண். அணுக்களுக்குள் நடக்கும் இழுபறியோடு ஒப்பிட்டால் நூற்றில் சில பங்குதான், அதனால் திரவத்தின் அமைப்பு கலையாது. இந்த ஒப்பீடு மனத்தில் இருந்தால் எந்த முடுக்கத்தையும் பயமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம்.

அந்த எண்ணை நிரலுக்குள் எப்படி எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். லாம்ப்ஸின் 'ஃபிக்ஸ் கிராவிட்டி' கட்டளை முடுக்கத்தை விசை/நிறை அலகில் கேட்கிறது. 'ரியல்' முறையில் அது கிலோகலோரி/ஆங்ஸ்ட்ராம்/கிராம். ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ விநாடி² என்று எண்ணி 2.9 × 10⁻⁸ என்று போட்டால், தேவையில் 2390-இல் ஒரு பங்குதான் கிடைக்கும்; நீர் நின்ற இடத்திலேயே நிற்கும். சரியான எண் 6.9 × 10⁻⁵. அவள் போட்டிருந்த 9.8-ஐ நிரல் 4.1 × 10¹⁷ மீ/வி² என்று படித்திருக்கும். க்ரோமாக்ஸில் இந்தச் சிக்கல் கிடையாது; நானோமீட்டர்/பைக்கோ விநாடி² என்று கேட்கும், 0.0029 என்று கொடுத்தால் முடிந்தது.

இன்னொரு வழியும் உண்டு, 'ஆட்ஃபோர்ஸ்'. ஒவ்வோர் அணுவுக்கும் ஒரே விசையைச் சேர்ப்பது. ஆர்கானுக்கு இது சரி. நீருக்கு இதைப் போடுகிறவர்களைக் கண்டால் நான் நிறுத்தி உட்காரவைத்துவிடுவேன். ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் ஒரே விசை என்றால், பதினாறில் ஒரு பங்கு நிறையுள்ள ஹைட்ரஜனுக்குப் பதினாறு மடங்கு முடுக்கம். பிணைப்பு அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பதால் மூலக்கூறு பிரிந்து போகாது. ஆனால் நிறை மையம் ஆக்சிஜனுக்கு அருகில் இருக்க, விசையின் மையம் ஹைட்ரஜன்களை நோக்கித் தள்ளி நிற்கும். விளைவு, ஒரு திருப்பு விசை. நீர் மூலக்கூறுகள் ஓட்டத்தின் திசையில் ஹைட்ரஜனை முன்வைத்துத் திரும்ப முனையும். ஓட்டத்தை ஆராயப் போனவர் தன்னை அறியாமல் நீரை ஒழுங்குபடுத்திவிட்டு, அதையே கண்டுபிடிப்பாக எழுதிவிடவும் கூடும். நிறைக்குத் தக்க விசை கொடுத்தால், அதாவது எல்லா அணுவுக்கும் ஒரே முடுக்கம் கொடுத்தால், இந்தத் திருப்பம் எழாது.

தள்ளிக்கொண்டே இருந்தால் நீர் சூடாகும். அந்தச் சூட்டைத் தெர்மோஸ்டாட் எடுக்க வேண்டும். ஓட்டத்தின் திசையில் உள்ள வேகத்தையும் சேர்த்து வெப்பநிலை கணக்கிட்டால், தெர்மோஸ்டாட் ஓட்டத்தையே வெப்பம் என்று எண்ணி அணைத்துவிடும். ஓட்டத்துக்குக் குறுக்கே உள்ள திசைகளில் மட்டும் வெப்பநிலையைப் பிடிப்பது பழைய, நம்பகமான வழி. முடுக்கத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டி, வேகமும் பாதியாகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதியாகவில்லை என்றால் கொடுத்த முடுக்கம் அதிகம். அந்த எண்ணிலிருந்து பாகுநிலையைக் கணக்கிடக் கூடாது.

அந்த மாணவி இதையெல்லாம் செய்தாள். முடுக்கத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் வேகம் அதே விகிதத்தில் மாறியது, வெப்பநிலை அசையவில்லை. ஆனால் சூத்திரம் சொன்னதைவிட நீர் 2.8 மடங்கு வேகமாக ஓடியது. "எங்கேயோ யூனிட் தப்பாப் போயிருக்கு மேம், கண்டுபிடிக்க முடியல" என்று கலங்கிப்போய் வந்து நின்றாள். 2.8 என்ற எண்ணைக் கேட்டதுமே அலகு தப்பவில்லை என்று எனக்குப் பட்டது. அலகில் வரும் பிழைகளுக்கு முகம் உண்டு: 2, 4.184, 10, 20.455, 48.9, 418.4, 836.8, 2390. இவற்றில் ஒன்றோ, இவற்றின் பெருக்கலோ வகுத்தலோதான் வரும். 2.8 அந்தக் குடும்பத்தில் இல்லை.

"எந்த வாட்டர் மாடல் போட்டே?" என்று கேட்டேன். டிப்3பி. அந்த மாதிரி நீரின் பாகுநிலை அறை வெப்பநிலையில் 0.32 மில்லிபாஸ்கல் விநாடி. உண்மையான நீருக்கு 0.89. சூத்திரத்தில் அவள் போட்டிருந்தது உண்மையான நீரின் எண். வகுத்துப் பார்த்தாள், 2.78. டிப்4பி/2005 மாதிரிக்கு மாற்றி, அதன் 0.855-ஐச் சூத்திரத்தில் வைத்து அந்த வாரமே மறுபடி ஓட்டக் கொடுத்தாள்.